ரன்னரும் சமோசா ஓரமும்: எங்கே தப்பு, எதைப் பிரிப்பது?

மேசை ரன்னர், அதாவது மேசையின் நடுவே நீளவாக்கில் விரிக்கும் துணி, தைப்பது பெரிய வித்தை இல்லை. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் ஒரு துணி. வரிவரியாக நேர்த்தையல். இரண்டு தலைப்பிலும் சதுரத் துணிகளை முக்கோணமாக மடித்துச் செருகிய ஓரம். அந்த முக்கோணத்துக்கு அமெரிக்காவில் ப்ரெய்ரி பாயின்ட் என்று பெயர். எங்கள் வீட்டில் முதல் ரன்னரைப் பார்த்த அன்றே அதற்குச் சமோசா என்று பேர் விழுந்துவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் தைக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே வருவது புரியாது. 4 அடி மேசைக்கு, இரு பக்கமும் 6 இன்ச் தொங்கும்படி, 14க்கு 60 இன்ச் ரன்னர். மேல் துணியையும் பஞ்சையும் 16க்கு 63 என்று பெரிதாகவே வெட்டுவேன். பஞ்சுக்கு அடியில் பழைய வேட்டித் துணி ஒன்றைப் போட்டு, மூன்றையும் சேர்த்து 2 இன்ச்சுக்கு ஒரு வரியாகத் தைப்பேன். அதன் பிறகுதான் 14½க்கு 60½ என்று வெட்டுவது. தலைப்புகளில் சமோசாக்களைக் குத்தி, பின்துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, கால் இன்ச் விட்டுச் சுற்றிலும் தைத்து, நீளப் பக்கத்தில் 6 இன்ச் திறந்து விட்டு, தலையணை உறையைப் போலத் திருப்பிவிடுவேன்.

இதில் வரும் கோளாறுகளில் பாதிக்கும் மேல், கண்ணில் படும் இடம் ஒன்று, நடந்த இடம் வேறு. ஓரத்தில் தெரியும் கோணல், பஞ்சு விரிக்கும்போதே நடந்திருக்கும். அதனால் தப்பைப் பார்த்தவுடன் பிளேடை எடுக்காதீர்கள். ஒருமுறை இஸ்திரி போட்டு, மேசையில் விரித்து, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பிரிக்க வேண்டியது எது, விட்டுவிடலாம் என்பது எது என்று அப்போதுதான் தெரியும்.

வரித்தையல் போட்டதும் துணி அலை அலையாகச் சுருங்குகிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். மெஷினின் அடியில் இருக்கும் பல் கீழ்த்துணியைத் தள்ளுகிறது. மேலே இருக்கும் பாதம் மேல்துணியை அழுத்திப் பிடிக்கிறது. ஒரே துணி என்றால் தெரியாது. நடுவில் பஞ்சு வந்துவிட்டால் கீழே இருப்பது வேகமாகவும் மேலே இருப்பது மெதுவாகவும் போகும். 60 இன்ச் போய்ச் சேருவதற்குள் மேல்துணி கடைசியில் ஒரு மடிப்பாகத் திரண்டு நிற்கும்.

சுருக்கம் எந்தப் பக்கம் என்று முதலில் திருப்பிப் பாருங்கள். வேட்டித் துணி பக்கம் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். அதைப் பின்துணி மூடிவிடப் போகிறது, ஒருவரும் பார்க்கப் போவதில்லை. பெரிய மடிப்பாக இருந்தால் மட்டும் கத்தரியால் கீறித் தட்டையாக்கினால் போதும். வேட்டித் துணி போடுவதில் எனக்குப் பிடித்த விஷயமே இந்த மன்னிப்புதான்.

மேல் பக்கம் என்றால் சுருக்கத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே சாய்வாக, கயிறு முறுக்கியது போல இருந்தால், ஒரு வரியை இந்தத் தலைப்பிலிருந்தும் அடுத்த வரியை அந்தத் தலைப்பிலிருந்தும் தைத்திருப்பீர்கள். ஒன்று துணியை வலப்பக்கம் இழுக்க, மற்றது இடப்பக்கம் இழுத்திருக்கிறது. எல்லா வரிகளையும் ஒரே தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும். நடு வரியை முதலில் தைத்து, அப்புறம் ஓரங்களை நோக்கி நகருங்கள். நூலை ஒவ்வொரு முறையும் வெட்டுவது எரிச்சல்தான், ஆனால் பிரிப்பது அதைவிட எரிச்சல்.

வரியின் கடைசியில் மட்டும் துணி திரண்டிருந்தால், ஊக்கு போதாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாவது வேண்டும். தரையில் வேட்டித் துணியை விரித்து, நான்கு பக்கமும் செலோ டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் பஞ்சு, மேல்துணி என்று வரிசையாக நீவி, நடுவிலிருந்து வெளியே ஊக்கு குத்திக்கொண்டு போங்கள். வேட்டித் துணி விறைப்பாக இருக்க வேண்டும், இழுபட்டிருக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி மேல்துணியையும் கூடவே இழுக்கும்.

மெஷினில் செய்ய வேண்டியவை இரண்டு. தையலை நீளமாக்குங்கள், இன்ச்சுக்கு 8 தையல், அதாவது 3 மில்லிமீட்டரும் கொஞ்சமும். ரவிக்கைக்குப் போடும் சின்னத் தையல் பஞ்சில் புதைந்து துணியைச் சுருக்கும். அடுத்தது, பாதத்தின் அழுத்தம். பழைய கறுப்பு மெஷினில் பாதக் கம்பிக்கு நேர் மேலே, தலையில் ஒரு திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வாக்கிங் ஃபுட் என்று தனியாக ஒரு பாதம் கிடைக்கிறது. அதற்கு மேலேயும் ஒரு பல் உண்டு, மேல்துணியையும் கீழ்த்துணியின் வேகத்துக்கே நகர்த்தும். வருடத்துக்கு ஒரு ரன்னர் தைப்பவருக்கு அது வேண்டியதில்லை. மாதம் ஒன்று தைத்தால் வாங்கிவிடுங்கள்.

ஏற்கனவே விழுந்த சுருக்கத்துக்கு வரி முழுவதையும் பிரிக்க வேண்டாம். சுருக்கத்துக்கு இந்தப் பக்கம் 3 இன்ச், அந்தப் பக்கம் 3 இன்ச் பிரித்து, துணியை விரலால் பரப்பிக் குண்டூசி குத்தி, மறுபடி தைத்தால் அநேகமாக அடங்கிவிடும்.

அடியில் நூல் கூடு கட்டுகிறது

கீழே கூடு கட்டினால் தப்பு மேலே. இதை மனதில் வைத்துக்கொண்டால், கீழ் நூல் சுற்றிய பாபினை வைக்கும் கேஸின் சின்னத் திருகைத் திருகித் திருகிப் பாழாக்க மாட்டீர்கள். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் மேலாக ஓடுகிறது, அவ்வளவுதான். பாதம் கீழே இருக்கும்போது தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. பாதத்தைத் தூக்கி, நூலை முழுக்க உருவி, முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை இதிலேயே சரியாகும்.

வரியின் தொடக்கத்தில் மட்டும் கூடு என்றால், மேல் நூல் கீழ் நூல் இரண்டின் வாலையும் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் நாலு தையலைப் போடுங்கள். நடுவழியில் திடீரென்று வந்தால் பல்தட்டைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சு ஷீட் வைத்துத் தைக்கும்போது தூசி அடையாக அப்பிக்கிடக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். அப்புறம் ஒரு கந்தல் துணியில் பத்து இன்ச் ஓட்டிவிட்டுத்தான் ரன்னருக்கு வர வேண்டும், இல்லையென்றால் எண்ணெய்க் கறை.

மேல்பக்கம் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கிறதா? இது எதிர்மாறு. மேல் டென்ஷன் இறுக்கம், அரைச் சுற்று தளர்த்துங்கள்.

தையல் விட்டு விட்டு விழுகிறது

"முதல்ல ஊசியை மாத்து, அப்புறம் மெஷினைத் திட்டு" என்பார் என் அத்தை. முப்பது வருடம் ரவிக்கை தைத்தவர். பஞ்சு வரிக்கு 14ஆம் நம்பர், சமோசா சேரும் கனத்த இடத்துக்கு 16. ரவிக்கைக்குப் போட்ட 11ஐ அப்படியே வைத்துத் தைத்தால் அது வளையும், தையல் விடும், கடைசியில் ஒடியும். ஊசியை அதன் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி முனை வரை சீராக இல்லையென்றால் குப்பைக்கு.

புது ஊசியிலும் விட்டால், திருப்பிப் போட்டிருப்பீர்கள். ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். நூல் நுழைவது அந்தப் பக்கத்திலிருந்து. தட்டையான பக்கம் அதற்கு எதிரே இருக்க வேண்டும்.

சமோசாக்களுக்கு நடுவே பல் விழுந்தது போல இடைவெளி

ரன்னரில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது. 4 இன்ச் சதுரத்தைக் குறுக்கே மடித்து, மறுபடி ஒருமுறை மடித்தால் அடி 4 இன்ச், உயரம் 2 இன்ச் முக்கோணம் வரும். துணியின் விளிம்பில் அவற்றை ஒன்றையொன்று தொடும்படி அடுக்கினால் கச்சிதமாகத் தெரியும். தைத்துத் திருப்பினால் ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை இன்ச் வெற்றிடம்! முதல் முறை நான் துணி நழுவிவிட்டது என்று நினைத்து, பிரித்து, அதே மாதிரி மறுபடி தைத்து, அதே இடைவெளியை மறுபடி பார்த்தேன்.

நழுவவில்லை. கணக்கு அது. முக்கோணம் மேலே போகப் போகக் குறுகும். கால் இன்ச் தையலுக்குள் போய்விட்டால், தையல் கோட்டில் அதன் அகலம் 4 இல்லை, பக்கத்துக்குக் கால் இன்ச் குறைந்து 3½ தான். உயரமும் 1¾ ஆகிவிடும். ஆக, சதுரம் எத்தனை இன்ச்சோ அதிலிருந்து அரை இன்ச் கழித்தால் கிடைப்பதுதான் கண்ணுக்குத் தெரியும் அகலம்.

14 இன்ச் தலைப்புக்கு 3½ சரியாக நாலு முறை போகும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நாலு சமோசா வேண்டுமென்றால், விளிம்பில் ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் அரை இன்ச் ஏறி உட்கார வேண்டும். ஆனால் நாலை நான் சொல்ல மாட்டேன். ஒரு நூல் பிசகினாலும் தொடும் இடத்தில் தெரிந்துவிடும். ஐந்து வையுங்கள். நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 2⅝ இன்ச் வரும். அதை அளக்கக்கூட வேண்டாம்: முதல் சமோசாவின் அடிமுனையைத் துணியின் இந்த மூலையோடும், கடைசியை அந்த மூலையோடும் பொருத்துங்கள். மூன்றாவதைத் தலைப்பின் நட்ட நடுவில். மீதி இரண்டையும் கண்ணால் பார்த்தே பாதிப் பாதியில் வைத்துவிடலாம். ஆறு என்றால் இந்தச் சௌகரியம் போய்விடும், இன்ச் டேப்போடு மல்லுக்கட்ட வேண்டும்.

இரண்டு தலைப்புக்கும் பத்துச் சதுரம், 40 இன்ச். 44 பன்னா, அதாவது 44 இன்ச் அகலத் துணியில் 4 இன்ச் பட்டி ஒன்று போதும்.

ஏறி உட்காருவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு முறை மடித்த சமோசாவின் ஒரு பக்கம் மூடியிருக்கும், மறு பக்கம் வாய் திறந்திருக்கும். எல்லா வாய்களும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்றின் மூடிய பக்கம் அடுத்ததன் வாய்க்குள் போக வேண்டும். புடவையின் கோபுரக் கரை போல அடுக்கு சீராக வருவது இதனால்தான். வரிசை கலைந்த மாதிரி தெரிந்தால், ஏதோ ஒன்று திரும்பி நிற்கிறது என்று அர்த்தம்.

உயரம் ஒன்று போல் இல்லை

சதுரம் சதுரமாக இல்லை, அவ்வளவே. கைத்தறிக் கட்டம் போட்ட துணியில் கட்டத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். கட்டம் நீளவாக்கில் 4 இன்ச் இருந்தால் குறுக்குவாக்கில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு அதை வைத்தே வரையுங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் இஸ்திரியை அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். குறுக்கு மடிப்பு இழுத்தால் நீளும்.

தைத்த பிறகு ஒன்று மட்டும் குள்ளமாகத் தெரிந்தால், அது தையலுக்குள் அதிகம் போயிருக்கிறது. ஓரிரு நூல் வித்தியாசத்தை விட்டுவிடலாம். அரைக்கால் இன்ச்சுக்கு மேல் என்றால் அந்த இடத்தில் மட்டும் பிரித்து வெளியே இழுத்துத் தையுங்கள்.

திருப்பினால் சமோசா உள்ளே போய்விட்டது

சிரிக்காதீர்கள், நடக்கும். பின்துணி வைப்பதற்கு முன், சமோசாக்கள் மேல்துணியின் நல்ல பக்கத்தில், முனை ரன்னரின் நடுவைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். பிசிறு விளிம்பும் துணியின் விளிம்பும் ஒன்றாக. பார்த்தால் தப்பாகத் தோன்றும், அதுதான் சரி. முனை வெளியே பார்த்தபடி குத்தித் தைத்தால், திருப்பியதும் முனைகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது, தலைப்பை முழுக்கப் பிரிக்க வேண்டும்.

நடுவில் கோடு தெரியும் இன்னொரு மடிப்பு இருக்கிறது: சதுரத்தை நீளச் செவ்வகமாக மடித்து, இரண்டு மேல் மூலைகளையும் நடுவுக்குக் கொண்டுவருவது. அதில் எந்த முகம் வெளியே தெரிய வேண்டுமோ, அந்த முகம் குத்தும்போது மேல்துணியைப் பார்த்துக் குப்புறப் படுத்திருக்க வேண்டும்.

ஓரச் சமோசா பக்கத் தையலில் மாட்டிக்கொண்டது

முதல் சமோசாவும் கடைசிச் சமோசாவும் நீளப் பக்கத்துத் தையலுக்கு மிக அருகில் படுத்திருக்கும். பின்துணி மூடியபின் கண்ணுக்குத் தெரியாது. பாதம் தள்ளும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் தையல் அதன் மேல் ஏறிவிடும். திருப்பிய பிறகு மூலையில் சமோசாவைக் கிள்ளிப் பிடித்தது போல இருக்கும். மூலையிலிருந்து 2 இன்ச் மட்டும் பிரித்து, சமோசாவை உள்ளே தள்ளி, மறுபடி தைத்தால் போதும். அடுத்த முறை, எல்லாச் சமோசாக்களையும் விளிம்பிலிருந்து அரைக்கால் இன்ச்சில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, ஓரத்தில் இருக்கும் இரண்டின் முனையையும் குண்டூசியால் நடுப்பக்கம் பார்த்துக் குத்தி வையுங்கள்.

அந்த அரைக்கால் இன்ச் தையல் வெளியே தெரிகிறதா? முக்கியத் தையல் அதற்கு உள்ளே விழவில்லை. பின்துணி கீழே, வேட்டித் துணிப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துத் தைத்தால் முதல் ஓட்டம் கண்ணில் படும், அதைத் தாண்டி உள்ளே தைக்கலாம்.

சமோசா மேல் சமோசா ஏறிய இடத்தில் பாதம் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றுவிடும், தையல் ஒரே இடத்தில் விழும். துணி முரண்டு பிடிக்கிறது என்று இழுக்காதீர்கள், ஊசி ஒடியும். ஒரு துண்டுத் துணியை நாலாக மடித்துப் பாதத்தின் பின்பக்கம் அடியில் செருகினால் பாதம் மட்டமாகும். சக்கரத்தைக் கையால் சுற்றி நாலு தையல் கடந்துவிடுங்கள்.

மூலை உருண்டையாக நிற்கிறது

உள்ளே கனம். திருப்புவதற்கு முன் பஞ்சைத் தையல் வரைக்கும் ஒட்ட வெட்டி, மூலையைச் சாய்வாக வெட்டுங்கள். தையலுக்கும் வெட்டுக்கும் அரைக்கால் இன்ச் இருக்கட்டும். முனையைத் தள்ள மூடிய பேனா போதும். கத்தரி முனையால் தள்ளி மூலையையே துளைத்தவள் சொல்கிறேன்.

மேசையில் போட்டால் வாழைப்பழம் போல வளைகிறது

நீளப் பட்டிகளை இணைத்து மேல்துணி செய்பவர்களுக்கு இது வரும். ஒவ்வொரு பட்டியையும் ஒரே தலைப்பிலிருந்து தைத்தால் இழுப்பு ஒரே பக்கம் சேர்ந்து முழுத் துணியும் வளையும். இணைக்கும்போது ஒரு தையலை இந்தத் தலைப்பிலிருந்தும் அடுத்ததை எதிர்த் தலைப்பிலிருந்தும் தொடங்க வேண்டும். ஆமாம், வரித்தையலுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். அங்கே மூன்று அடுக்கு நகர்கிறது, இங்கே இரண்டு பட்டி நீள்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வரித்தையல் முடிந்து, இன்னும் வெட்டாத நிலையில் பார்த்துவிட்டால் தப்பித்தீர்கள். நீளவாக்கில் பாதியாக மடித்துப் பாருங்கள். அரை இன்ச் வளைவு என்றால் நேராகக் கோடு போட்டு வெட்டும்போதே போய்விடும். 16க்கு 63 என்று பெரிதாக வெட்டச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். வரித்தையல் துணியைக் குறுக்கும். முதலிலேயே 14½ வெட்டித் தைத்தால் 14⅛, 14¼ என்று வந்து நிற்கும், சமோசாக் கணக்கு முழுவதும் உதைக்கும்.

துவைத்ததும் சொரசொரவென்று சுருங்கிவிட்டது, சாயமும் ஏறிவிட்டது

பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். பாலியெஸ்டர் பஞ்சு சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் துணி மட்டும் சுருங்கி, வரிகளுக்கு நடுவே மேடு தட்டும். இதைத் திருத்த வழியில்லை, ஆனால் சிலருக்கு அந்தப் பழைய மெத்தைத் தோற்றம் பிடிக்கும், எனக்கும்தான். பிடிக்காதவர்கள் எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். வேட்டித் துணிக்கு வேண்டாம், அது எத்தனையோ துவைப்பைப் பார்த்தது.

சாயம் தனிக் கதை. வீட்டு உபயோகத் துணிக்குப் பேர்போன கரூர்ப் பக்கத்து ஏற்றுமதி மிச்சத் துணி என்று ஒரு சிவப்புக் கட்டம் வாங்கினேன். "சாயம் போகவே போகாது" என்றார் கடைக்காரர். வெள்ளை ரன்னரில் சிவப்புச் சமோசா, முதல் துவைப்பில் தலைப்பு முழுக்க ரோஸ் நிறம். இப்போது ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறேன். உப்புத் தண்ணீர், வினிகர் என்றெல்லாம் சொல்வார்கள். நான் செய்து பார்த்தேன், சிவப்பு சிவப்பாகவே இறங்கியது. சாயம் ஏறிவிட்டால் காயவிடாதீர்கள், இஸ்திரி கிட்டேயே போகக்கூடாது. ஈரத்தோடேயே சோப்புப் போட்டு, நிறையத் தண்ணீரில், நிறம் இறங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். என் ரன்னரில் ஐந்தாவது அலசலில் பாதிக்கு மேல் போயிற்று. மீதி ரோஸ் மேல் குழம்புப் பாத்திரத்தை வைத்துவிடுவேன், அடியில் ஒரு மரப் பலகையோடு. சூடு நேராகப் பட்டால் பாலியெஸ்டர் பஞ்சு அந்த இடத்தில் அமுங்கி அட்டையாகிவிடும்.